கர்ப்பப்பைக்கு கேஸ்ட்ரிக் குளிசை

மன்னிக்கவும். இந்தக் குழுவில் லைக் போட்டுவிட்டு ஓடிவிடுகிற ஆள் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

(அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ரை பேரைப் போடாதை" என்றார். போடவில்லை. எனக்கு இருப்பதோ ஒரே அம்மா!)

இன்று காலை, மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதிக் கிளினிக்கில்...

அம்மாவைப் பரிசோதித்த டொக்டர், இவ்வளவு நாளும் என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டார்.

"கேஸ்ட்ரிக் குளிசை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை கீழிறங்கியிருக்கிறது. இருமினாலே சிறுநீர் கசியும். போன வருடம், "அடியிலை ஏதோ பாரமா இறங்குது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு தெரிந்த அப்பா பெருமையாகக் கூடப் போய் டொக்டரிடம் மொழிபெயர்த்தது: "வயிற்று நோ."

போன கிழமை அம்மா என்னிடம் உண்மையைச் சொன்னதும் அப்பாவைக் கேட்டேன்: "ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"உந்த விசயத்தையெல்லாம் ஒரு டொக்டரிட்டை எப்பிடிப் பிள்ளை வாயாலை சொல்லுறது?"

(பிறகு யாரிடம், பால் வாங்கும் டெபானர் கடைக்காரரிடமா?!)

எங்கள் ஆட்களுக்கு உடம்பு தொப்புளோடு முடிந்துவிடும். முழங்காலில்தான் மறுபடி தொடங்கும். பிறந்தநாள் பார்ட்டியில் மாமா சேர்ட்டைத் திறந்து பைபாஸ் தழும்பைக் காட்டுவார். கேக் சாப்பிட்டபடி எல்லாரும் பார்ப்போம். கர்ப்பப்பை என்றால் மட்டும் டிவி சத்தம் கூடும்!

டொக்டர் மேசையில் பிளாஸ்டிக் இடுப்பு ஒன்றை வைத்து விளக்கினார். முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்பின் அடித்தசைகள். அவை தளர்ந்தால் மேலே இருப்பவை இறங்கும்.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன இடத்துக்குள்ளையோ உன்னை வைச்சிருந்தனான்?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "கேள் பிள்ளை, நடக்கேக்கை கழண்டு விழுந்திடுமோ?"

"விழாதாம் அம்மா."

ஒரு வருடமாக அந்தப் பயத்தோடுதான் டோர்வல் விமான நிலையத்துக்கு வேலைக்கு பஸ் ஏறி, விமானச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கியிருக்கிறார்.

இனிப் பாரம் தூக்கக் கூடாது. தசைக்குப் பயிற்சி செய்ய வேண்டும். அடுத்த மாதம், கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்துப் பார்ப்பார்களாம்.

வீட்டுக்கு வந்தோம். "என்னவாம்?" என்றார் அப்பா.

"வயிறுதான்," என்றார் அம்மா.

"நான் அப்பவே சொன்னனான்!"

வளையம் வைக்கும் நாளில் எனக்குப் புது வேலையில் லீவு இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். "அப்பா வருவார்தானே" என்கிறார் அம்மா.

எழுதத் தொடங்கியதே இதைக் கேட்கத்தான். பிரெஞ்சும் தமிழும் தெரிந்த, கர்ப்பப்பை என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்லக்கூடிய அக்கா யாராவது இருக்கிறீர்களா?

அன்றைக்கு ஒரு மணித்தியாலம் அம்மாவோடு உள்ளே போவீர்களா, ப்ளீஸ்?