மிஸ்ஸிங்குக்கு உடைத்த தேங்காய்

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். சாமி பெயரைச் சொன்னவரைக் குறை சொன்னால் பாவம் வருமோ என்ற பயம்தான்.

பிரசவ வலியெடுத்த மகளைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, ஊத்துக்கோட்டை தாண்டியதும் என் பழைய கார் திக்கித் திக்கி ஓடியது. சாலையோர ஷெட்டில் நிறுத்தினேன். அந்த மெக்கானிக்கின் கையில் கிரீஸ் இல்லை. நெற்றி நிறைய விபூதி. பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, காதை மட்டும் நீட்டினார்.

"மிஸ்ஸிங் நைனா. ஒரு சிலிண்டர் வேலை செய்யல."

"பிளக்கைக் கழட்டிப் பாருப்பா, பொண்ணு துடிக்கிறா."

"பிளக்குல இன்னா கீது? வண்டி மேல கண்ணு பட்டுக்கீது."

ஷெட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்து வண்டியைச் சுற்றி, இஞ்சினுக்கு முன்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் ஓங்கி உடைத்தார். தண்ணீரெல்லாம் பிளக் ஒயர்களில் கொட்டியது. மூன்று சிலிண்டரில் ஓடிய வண்டியும் ஒரேயடியாக நின்றது.

"பாத்தீங்களா, திருஷ்டி கழிஞ்சிடுச்சு!"

"யப்பா, இந்தாள்கிட்ட இன்னா பேசிக்கினு கீற? ஷேர் ஆட்டோவ நிறுத்து!" என்று மகள் கத்தினாள்.

ஷேர் ஆட்டோவில்தான் போனோம். முருகன் கருணையால் பேரன் நல்லபடியாகப் பிறந்தான்.

மறுநாள் காரை எடுக்கப் போய், பேரன் பிறந்ததைச் சொன்னேன். ஈரம் காய்ந்து கிளம்பியது. மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருந்தது. அவரோ டீக்கடைக்காரரிடம், "நம்ம தேங்கா ஒடச்சதுலதான் சுகப்பிரசவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை, கும்பிட்டார்.

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் தேங்காய் உடைப்பவன்தான். பிளக்கைக்கூடக் கழற்றாமல் சாமியை வேலைக்குக் கூப்பிடும் துணிச்சல் அவருக்கு எப்படி வந்தது என்பது இன்றும் விளங்கவில்லை. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டினாலும் அந்த மனிதர் ஷெட்டில் உண்டியல் வைத்துவிடுவார்.