அக்காவுக்கு நான் கொடுத்த குளிசை

சென்ற வருடம் மாரி மழை தொடங்கிய சமயம் இது நடந்தது. அப்போது நான் கதிரவெளியில் அக்காவின் வீட்டில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டாரில் கொங்கிரீட் குழைத்தேன், தம்புள்ளையில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன், ஆழ்கடல் படகுகளில் போனேன். ஓரிடத்தில் நின்றது கிடையாது. அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவளோடு போக என்னைவிட்டால் ஆளில்லை.

அவளுக்கு ஏற்றிய மருந்து கட்டியை நேரே கொல்வதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிட்டு, அதைக்கொண்டு கட்டியைத் தாக்க வைப்பது. எல்லோருக்கும் பொருந்தாதாம். அக்காவின் கட்டி அதற்குச் சரியான வகை என்று பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை மட்டக்களப்புக்குப் போய் வருவோம். இதுவும் பலிக்காவிட்டால் பெரிதாக வேறு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றுவதற்கு முந்திய கிழமை அக்காவுக்குத் தடிமனும் இருமலும் பிடித்தன. என் பையில் எப்போதும் ஓர் அன்டிபயோட்டிக் குளிசை அட்டை இருக்கும். படகிலும் லொறியிலும் எங்களுக்கு அதுதான் டொக்டர். காய்ச்சல், பல்வலி, கால்வெட்டு, எதற்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவளுக்கும் அப்படியே ஐந்து நாள் கொடுத்தேன். இருமல் நின்றது. எனக்குப் பெரிய பெருமை.

கிளினிக்கில் இருந்த டொக்டர் ஓர் இளம் பெண். வேறு ஏதாவது மருந்து குடித்தீர்களா என்று கேட்டார்.

“ஒண்டுமில்ல மிஸ்,” என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

இத்தனை பேர் முன்னால் தம்பி ஏச்சு வாங்கக்கூடாது என்று மறைக்கிறாள் என நினைத்தேன். “நான்தான் குடுத்தன், டொக்டர்,” என்று மிச்சமிருந்த அட்டையை நீட்டினேன்.

அவர் ஏசவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். குடலுக்குள் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் இருக்கின்றனவாம். அவற்றில் நல்லவை எதிர்ப்புச் சக்தியைத் தயாராக வைத்திருக்கின்றன. இந்தக் குளிசை நல்லது கெட்டது பார்க்காமல் கொல்லும். அப்படி நல்லவை அழிந்துபோன சிலருக்கு, ஏற்றுகிற மருந்து குறைவாகவே வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்களாம்.

“அப்ப நான் அக்காவக் கெடுத்துப்போட்டனா?”

“அப்பிடிச் சொல்லேலா அண்ணா. இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்காங்க. தேவையெண்டா அன்டிபயோட்டிக் நாங்களே குடுப்பம். காய்ச்சல் வந்தா உடன இஞ்ச கூட்டி வாங்க. நீங்க டொக்டராகாதீங்க.”

நல்ல பக்டீரியாவைக் கடையில் குளிசையாக வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாம், பலன் உறுதியில்லை, சிலவேளை தீமையும் செய்யும், சமைத்த கீரையும் பாசிப்பயறும் கௌபிப் பயறும் சிவப்பரிசிச் சோறும் கொடுங்கள் என்றார்.

திரும்பும் பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியது. அப்போது கேட்டேன்.

“ஏன் அக்கா பொய் சொன்னாய்?”

“ஏச்சு விழுந்தா நீ கோவிச்சுக்கொண்டு எங்கயாவது போயிருவாய். பொறகு எனக்கு ஆரு இருக்கா?”

இறங்கியதும் கடையில் கீரையும் பயறும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சமையல் என்னுடையது. நாலாம் நாளே அக்கா முறையிட்டாள். “வயித்துக்குள்ள இருக்கிறவனுகளுக்கு நல்லா ஆக்கிப் போடுறாய். எனக்கு எப்படா ஒரு துண்டு மீன் தருவாய்?” அன்று இரண்டு துண்டு வைத்தேன்.

நாலு தடவை ஏற்றிய பிறகு எடுத்த ஸ்கானில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தக் குளிசை கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் சுருங்கியிருக்குமா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார் டொக்டர். தெரியாமலே அதைச் சுமந்துகொண்டு இருக்கிறேன். ஆனால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகத் தன் உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே பொய் சொல்ல ஒருத்தி துணிவாள் என்பது, இத்தனை ஊர் பார்த்தும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.