இசக்கிசெல்வி வைத்த பொத்தான்கள்

திருவனந்தபுரத்தில் அதிசயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கோயில் கோபுரம். மற்றது இசக்கிசெல்வியின் சுட்டுவிரல். அந்த விரல் ஒரு தட்டு தட்டினால் சர்க்கார் ஆபீஸ்களில் ஃபைல்கள் எழுந்து நடக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக் கப்பல் தானே வந்து கரையில் கட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செல்வகணேஷ் தன் சித்தியைப் பற்றி இப்படித்தான் அளப்பான்.

முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. கிழக்கேகோட்டையில் பூதலிங்கத்தின் டைப்பிங் கடையில் வேலை பார்த்த அவள், கம்ப்யூட்டரில் விண்ணப்பக் கோப்புக்குள்ளேயே பொத்தான்கள் வைத்திருந்தாள். ஒன்றைத் தட்டினால் மலையாளம் மறைந்து அதே விண்ணப்பம் தமிழில் வரும். படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவள் சட்டம்.

“பத்து வருசமா எதுல கையெழுத்துப் போட்டேன்னு இப்பத்தாம்மா தெரியுது” என்றார் கம்பி கட்டுகிற திரவியம்.

பத்தாம் வகுப்பில் தோற்று, வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த செல்வகணேஷுக்கு, மார்க் ஒன்றும் கேட்காமல் சோறு போட்டு, மறுதேர்வுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவளும் அவள்தான். நன்றி சொல்ல அவனுக்கு நாக்கு வளையாது. பொத்தானின் பெயரை ‘முதலாளி தூங்குகிறார்’ என்று மாற்றி வைக்கத்தான் தெரியும்.

போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் வீட்டு எண் 68 என்பது 63 ஆகித் திரும்பி வந்தது. பூதலிங்கம் அவள் நாற்காலியைக் காட்டிக் குதித்தார்.

“இன்னொரு பிழை வந்தா அந்தக் கசேரியில புதுசா டைப்பிங் படிச்ச நீது இருப்பா, கேட்டியா?”

சித்தி திரையில் மூக்கு உரச வாசிப்பதைச் செல்வகணேஷ் மட்டும் கவனித்திருந்தான். கண் மங்குகிறது என்று வெளியே சொன்னால் அன்றோடு வேலை போய்விடும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கோப்பின் தலைமாட்டில் புதிதாக ஒரு பொத்தான்: ‘தொட்டா ஷாக் அடிக்கும்’. திட்டிக்கொண்டே தட்டினாள். திரையில் எழுத்துகள் பூசணிக்காயாகப் பெருத்தன. அச்சில் பழைய அளவேதான். அன்று அடித்த நாற்பது விண்ணப்பங்களையும் பூதலிங்கம் எண் எண்ணாகச் சரிபார்த்தார். ஒரு பிழை அகப்படவில்லை. நீது பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

சாயங்காலம் இசக்கிசெல்வி கேட்டாள்: “லேய், இது உன் வேலைதானே?”

“எனக்கென்ன தெரியும் சித்தி? வைரஸாக்கும்.”

அவள் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த மாக்ரோவை, அதாவது அது செய்யவேண்டியதைப் பதிந்துவைத்த கட்டளை வரிகளைத் திறந்தாள்.

“நீ ரெக்கார்ட் பண்ணினப்போ செஞ்சதெல்லாம் வரி வரியா இங்க கிடக்குலே. எழுத்து அளவு முதல்ல நூத்தி இருபது சதவீதம். பிறகு நூத்தம்பது. பிறகு நூத்தி எம்பது, திரும்பக் குறைச்சு நூத்தி எழுபது. வைரஸுக்கு இவ்வளவு பொறுமை ஏது மக்கா? ஒவ்வொண்ணா வச்சு, என் கசேரியில இருந்து, என்னை மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கே. அல்லே?”

செல்வகணேஷ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.