ஆள் உயர மெழுகுவர்த்தியோடு சர் பனி யாஸ் தீவுக்கு

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபுதாபியின் மேற்குக் கோடியில் இருக்கும் சர் பனி யாஸ் தீவுக்கு நானும் அப்பாவும் அம்மாவும் போனோம். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடமும் அவர்களுடைய கோயிலும் அங்கே இடிந்து கிடக்கின்றன. பள்ளிக்கூடப் பாடத்துக்காகத் தேடியபோது படம் பார்த்து மயங்கிவிட்டேன். "இடிஞ்ச சொவத்தப் பாக்க அம்புட்டுத் தூரமா?" என்றாள் அம்மா.

அதனால் ஒரு சின்னப் புளுகு விட்டேன். அங்கே இன்னும் ஞாயிறு பூசை நடக்கிறது, வேண்டினால் கிடைக்கும் என்று.

துபாயின் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் அப்பாவுக்கு வேலை. ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்று தெரியாத வாரம் அது. அம்மா என் புளுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம், யாருக்காக வேண்டுகிறோமோ அவருடைய உயரத்துக்கு மெழுகுவர்த்தி காணிக்கை வைப்பார்கள். துபாயில் நாங்கள் இருக்கும் கராமாவில் அது எங்கே கிடைக்கும்? பிளாஸ்டிக் குழாய் வாங்கிவந்து, அப்பாவைக் கதவோரம் நிறுத்தி அளந்து, ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு அவளே மெழுகு காய்ச்சி ஊற்றினாள். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று மாலைகள். அம்மாவுக்கு வேண்டுதல், எனக்கு வேண்டாத வேலை. உண்மையைச் சொல்ல மூன்று நாள் இருந்தும் நான் மெழுகைத்தான் கிண்டினேன்.

விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினோம். ஜெபல் தன்னா படகுத்துறைக்கு எங்கள் வண்டியில் 362 கிலோமீட்டர் காட்டியது. இடையில் ஒரு டீ, போகவர பெட்ரோல் 150 திர்ஹாம். மெழுகுவர்த்தி பின் கண்ணாடியிலிருந்து கியர் வரை நீட்டிப் படுத்திருந்தது. படகுத்துறையில் அரை மணி நேரம் வண்டி வெயிலில் நின்றதில் அது வில்லாக வளைந்தது, நான் நெளிந்தேன்.

படகில் இருபத்தைந்து நிமிடம். அலையே இல்லை. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிர்நீலம். தீவில் மான்கள் தூக்கத்தில் நடப்பவை போல் குறுக்கே போயின.

மடத்தில் மிஞ்சியிருப்பது முழங்கால் உயரச் சுவர்கள்தான். மேலே நிழலுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். அதனடியில் நின்றால் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வழிகாட்டியிடம் அம்மா கேட்டாள்: "தம்பி, பூச எத்தன மணிக்கு?"

இலங்கை மன்னாரிலிருந்து வந்த அண்ணன் அவர். மெழுகுவர்த்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூசை முடிஞ்சு ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு மேல அக்கா."

"ஏட்டி, மூணு நாளு பக்கத்துல நின்னு கிண்டுனியே. அப்பங்கூட வாயில வரலியா?"

வளைந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்துவதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

"இஞ்ச நெருப்பு கொளுத்தேலாது அக்கா. நிண்டு செபிக்கலாம்" என்றார் அண்ணன்.

அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "யாரு தம்பி இடிச்சது?"

"ஒருத்தரும் இடிக்கேல்ல. சண்டை நடந்த அடையாளமும் இல்ல, எரிஞ்ச அடையாளமும் இல்ல. ஆக்கள் மெல்ல மெல்ல விட்டிட்டுப் போயிட்டினம். பிறகு காத்தும் மணலும்தான்."

கடைசியாகப் போன துறவி கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"வியாழக்கிழமையே சொல்லிட்டாங்க. மார்ச்சோட கலாஸ், வேல முடிஞ்சுது. வீட்டுக்கு வந்தா நீ கொழாய்க்குள்ள மெழுகு ஊத்திட்டு இருந்த. எப்படிச் சொல்ல?"

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அப்பனும் மவளும் நல்லாச் சேந்தீங்க" என்று ஜெபமாலையை எடுத்தாள்.

"அதான் முடிஞ்சிட்டே. இனி எதுக்கும்மா?" என்றேன்.

"போற எடத்துல பொழைக்க வேண்டாமா? மெழுகுவர்த்தில ஒரு முனையப் பிடிட்டி."

மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை அம்மா உருட்டும்போது அவர் குரல் உடைந்தது. அது வெளியே தெரியாமலிருக்க நான் செபத்தைக் கத்திச் சொன்னேன். ஒரு மான் நின்று கேட்டது. எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. கூரைக்குள் வெளிச்சம் மட்டும் மணல்மேல் இடம் மாறியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு இல்லாமல் படகில் ஏற முடியாது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சுவரில் சாயாதீர்கள், அது உங்களைத் தாங்கும் வயதில் இல்லை. வெயில் காலம் வேண்டாம். நவம்பருக்குப் பிறகு போங்கள். அவசரப்படாமல் பார்க்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்ப்பதற்கு இருப்பது கொஞ்சம்தான், உட்காருவதற்குத்தான் நிறைய.

திரும்பும் படகில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊருக்குப் போறது இவ பத்தாங்கிளாஸ் பரீச்ச முடிஞ்ச பெறவுதான?"

"பெறவுதான்" என்றார் அப்பா.

"அப்பஞ் சரி" என்று அவர் தோளில் சாய்ந்தாள். அந்த வாரம் முழுக்கத் தூங்காதவள், கரை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.