ஜகந்நாதனின் பகல் தூக்கம்

என் வீட்டுக்காரர் ஜகந்நாதனுக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் ஒரே பெண் மானசாவுக்கு ஒன்பது. இங்கே தில்லியில் அவள் பள்ளிக்கூட வாசலில் காவல்காரன் இவரை "தாதாஜி, ஆயியே" என்று வரவேற்பான். இவர் சிரித்துக்கொண்டே போவார். தாத்தாவாம்! எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வம்சத்துக்கே அவசரம் என்பது கிடையாது. இவர் பிறந்தபோது மாமனாருக்கு ஐம்பத்தெட்டு. மாமனார் பிறந்தபோது அவருடைய அப்பாவுக்கும் ஐம்பதுக்கு மேல். இவரும் சும்மாவா? லோதி ரோடு ஆபீஸ், தங்கைகள் கல்யாணம், கரோல் பாகில் வாடகை வீடு என்று இழுத்தடித்து, ஐம்பத்தாறில் என் கழுத்தில் தாலி கட்டினார்.

போன மாதம் பள்ளியில் வம்சாவளிப் படம் வரைந்துவரச் சொன்னார்கள். எந்த மகராசிக்குத் தோன்றிய வீட்டுப்பாடமோ! தாத்தா பிறந்தது 1899 என்று இவள் எழுத, டீச்சர் தப்பென்று சுழித்துவிட்டாள். மானசா விடுவாளா? அப்பாவிடம் எல்லோரும் இறந்த வருஷத்தையும் கேட்டு வாங்கிக் கழித்துப் பார்த்திருக்கிறாள். தாத்தாவின் ஒன்பதாவது வயதில் அவருடைய அப்பா போயிருந்தார். இவருடைய அப்பா போனதும் இவருக்கு அதே ஒன்பதில்தான்.

"அம்மா, எனக்கும் இப்போ நைன்தானே?"

"சீ, வாயை அலம்புடி!" என்று கத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சமையலறையிலிருந்து வந்தால், இவர் கட்டிலில் மல்லாந்திருக்கிறார். மானசா குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும், "டீக் ஹை அம்மா, மூச்சு வரது" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினாள்.

இவர் தூங்கவே இல்லை. கண்ணைத் திறந்தார்.

"தெனமும் பாக்கறா, வசு. நானும் வேணும்னே பலமா மூச்சு விடறேன்."

"ஏன்னா, கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லப்படாதா?"

"என்னன்னு சொல்றது? சாக மாட்டேன்னா? நானும் எங்கப்பாவுக்கு இப்படித்தான் வெரல வச்சுப் பாப்பேன். ஒரு மத்தியானம் மூச்சு வரலை." எழுந்து உட்கார்ந்தார். "எனக்குப் பயமா இருக்குடி. கொழந்தைக்கு அது நேரப்படாது."

அதிலிருந்து அவள் வீட்டிலிருந்தால் இவர் படுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலை சரியச் சரிய நிமிர்கிறார். நேற்று மானசா தலையணையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"சோ ஜாவோப்பா. நீ தூங்கு, நான் பாத்துண்டிருக்கேன்."

இவர் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டார்.