பிண்ணாக்கு மலையும் என் தம்பியின் தாடியும்

மலையேறப் போகிறேன் என்று என் தம்பி சொன்னபோது வீட்டில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. திருத்தணியில் அது ஒரு செய்தியே அல்ல. பிள்ளை பிறந்தால் ஏறுவோம், பிறக்காவிட்டாலும் ஏறுவோம். வேலை கிடைத்தால் மொட்டை, கிடைக்காவிட்டால் கிடைப்பதற்காக ஒரு மொட்டை. வரும்போது விபூதிப் பொட்டலம் ஒன்று கூடுதலாக வாங்கி வா என்று சொல்லிவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துவதைத் தொடர்ந்தேன். அவன் சாமி கும்பிடப் போகவில்லை, மலையைப் பார்க்கவே மலைக்குப் போகிறான் என்பது அவன் விபூதி இல்லாமல் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

அவனுக்கு வயது முப்பத்தேழு. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே செய் என்று அவர்கள் சொன்னதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவன் கல்யாணம் என் தலையில் விழுந்திருந்தது. நான் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தை மாதத்துக்குச் சற்று முன்னால் அவன் ஒரு கேமரா வாங்கினான். ஆன்லைனில் ஒரு வகுப்பிலும் சேர்ந்தான். இயற்கைக் காட்சிகளை எடுக்கச் சொல்லித்தரும் வகுப்பு. படத்தில் மௌனம் இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு கூரியர்க்காரர் எங்கள் வீட்டுக்கு உறவினர் மாதிரி வந்து போக ஆரம்பித்தார். கூடாரம், படுக்கைப் பை, மூன்று கால் ஸ்டாண்டு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, கணுக்கால் வரை ஏறும் பூட்ஸ். எவரெஸ்டுக்குப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு தேவைப்படாது. இவன் போகப்போவது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு.

சனி ஞாயிறுகளில் நானும் கூடப் போக வேண்டும் என்று தீர்மானித்தவர் என் கணவர். எங்காவது உருண்டு விழுந்தால் யார் பார்ப்பது என்று அக்கறையாகச் சொன்னார். 'பாவா, நீங்களும் வாங்களேன்' என்று தம்பி கூப்பிட்டதற்கு முழங்காலைத் தடவிக் காட்டினார். எனக்கும் முழங்கால் இருக்கிறது என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மலைமேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது, பெண் பார்ப்பதைப் பற்றி அங்கே வைத்துப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். சித்ரான்னம் கிளறி டப்பாவில் அடைத்து, தண்ணீர் பாட்டில்களோடு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். கேமராப் பையை அவன் சுமந்தான். அது ரொம்ப நாசூக்கான பொருளாம்.

முதல் வாரம் கோயில் மலைப் படியிலேயே பூட்ஸ் அவனைக் கடித்துவிட்டது. இரண்டையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். தாடியும் வைக்க ஆரம்பித்திருந்தான். மலையேறிகள் எல்லாம் தாடி வைப்பார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. எங்கள் ஊரில் தாடி வைத்தவன் வெறுங்காலோடு வாராவாரம் மலையேறினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். படியோரம் பூ விற்கிற அம்மா, 'என்னா வேண்டுதல் சாமி?' என்று கேட்டார். 'ஒண்ணும் இல்லீங்க, சும்மா' என்றான். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா புரிந்துகொண்டு தலையாட்டி, ஒரு முழம் பூவை இலவசமாகக் கொடுத்தார். வார நாட்களிலும் வேலை முடிந்ததும் அதே வெறுங்காலோடு தனியாக அந்தப் படிக்குப் போய் உட்கார ஆரம்பித்தான். அவன் மறுக்க மறுக்க அவனுடைய பக்தி ஊருக்குள் வளர்ந்துகொண்டே போனது.

கோயில் மலைக்கு இரண்டு பக்கமும் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு மலைகள் இருக்கின்றன. வெள்ளை பச்சரிசி மலை, கறுப்பு பிண்ணாக்கு மலை. எங்கள் முன்னோர்களுக்கு மலையைப் பார்த்ததும் பசிதான் எடுத்திருக்கிறது. இரண்டாம் வாரம் தம்பி பிண்ணாக்கு மலையில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு விடிகாலையிலிருந்து உட்கார்ந்தான். படத்தை இணையத்தில் போடும்போது மட்டும் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. 'கிழக்குத் தொடர்ச்சி மலையின் அறியப்படாத ஒரு சிகரம்' என்று எழுதினான். படம் எடுத்த அன்று அந்த அறியப்படாத சிகரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த ஆட்டுக்காரர் தம்பியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஃப்ரேமுக்குள் வராதீங்க என்று அவரை மூன்று முறை விரட்டினான். ஆடுகளுக்கு ஃப்ரேம் தெரியவில்லை. நானும் அப்போது காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். வெளிச்சம் போய்விடும் என்று அவசரப்பட்டு அப்படியே எடுத்துவிட்டான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் காட்டினான். பாறை இருந்தது, பனி இருந்தது, எதிரே கோயில் மலையும் இருந்தது. ஆடுகள் இல்லை, ஆட்டுக்காரர் இல்லை. மலையுச்சியில் கோபுரம் இல்லை. பக்கத்திலிருந்த செல்போன் டவரோடு சேர்த்துக் கோபுரத்தையும் துடைத்துவிட்டிருந்தான். முருகன் குடியிருக்கும் மலையிலிருந்து முருகனைக் காலி செய்த முதல் ஆள் என் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஓரத்தில் நான் நின்றிருந்தேனே என்று கேட்டேன்.

'ஆங், இருந்தக்கா. எடுத்துட்டேன். கண்ணு அங்கயே போவுது.'

நான் நின்ற இடத்தில் ஒரு கல் முளைத்திருந்தது. நல்ல வேலைப்பாடு, தையலே தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அதை வெளியே காட்டாமல், தின்ற சித்ரான்னத்தையும் அப்படியே எடுத்துவிட முடியுமா என்று கேட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனேன்.

மூன்றாம் வாரம் ஆந்திர எல்லையைத் தாண்டி நகரிப் பக்கம் போனோம். அங்கிருக்கும் மலைக்கு மூக்கு மாதிரி ஒரு நுனி உண்டு, அதை எடுக்க வேண்டுமாம். மேலே ஏறக் காட்டு இலாகாவின் அனுமதி வேண்டும் என்று அடிவாரத்திலேயே திருப்பிவிட்டார்கள். அதனால் பூத்திருந்த ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் கூடாரம் அடித்தான். தோப்புக் காவல்காரர் வந்து எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காய் இல்லாத காலத்தில் கூடாரம் போட்டுக் காவல் இருக்க வந்தவர்கள் யார் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னேன். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இப்படியெல்லாம் வரும் என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு, பாம்பு நடமாடும் இடத்தைக் கைகாட்டிவிட்டுப் போனார். அன்று நாங்கள் இருவரும் கூடாரத்தில் படுத்திருந்தோம் என்று சொல்லலாம், தூங்கினோம் என்று சொல்ல முடியாது. பெண் பார்க்கும் பேச்சை அங்கேதான் எடுத்தேன். பாம்புக்குப் பயந்தாவது சரி என்பான் என்று நினைத்தேன். 'பாக்கலாங்க்கா' என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அந்த வாரமே பள்ளிப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் தானாகத் தேடி வந்தது. பெண்ணின் அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். தைக் கிருத்திகைக்கு வந்தவர் படியில் என் தம்பியைப் பார்த்திருக்கிறார். தாடியும் வெறுங்காலுமாக, யாரிடமும் பேசாமல், மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். பூக்காரம்மாவிடம் விசாரித்திருக்கிறார். வாராவாரம் வருகிற பிள்ளை, வேண்டுதலைக் கேட்டால்கூடச் சொல்லாத பிள்ளை என்று அந்த அம்மா சான்று கொடுத்திருக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று மனிதர் உருகிப்போய்விட்டார். அவன் மேகம் விலகுவதற்காகக் காத்திருந்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. நூல் வாங்குவது, ஆர்டர் பிடிப்பது, தறிக்காரர்களை மேய்ப்பது எல்லாம் அவள்தான். போட்டோவைத் தம்பியிடம் கொடுத்தேன். எந்த மலையையும் அவன் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் 'லைட்டிங் நல்லா இருக்கு' என்றான். அவன் பாஷையில் அது சம்மதம். மறுநாள் போய்ப் புதுச் சட்டை வாங்கி வந்தான், அதைக் கண்ணாடி முன்னால் மூன்று தடவை போட்டுப் பார்த்ததை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இது எப்படியாவது முடிய வேண்டும் என்று, என் தம்பியால் துடைக்கப்பட்ட அந்த முருகனையே வேண்டிக்கொண்டேன்.

நான்காம் வார இறுதியில் மலைக்குப் பதிலாகப் பள்ளிப்பட்டுக்குப் போனோம். என் கணவரின் முழங்கால் அன்று சரியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆண்பிள்ளையாக முன்னால் உட்கார வேண்டும் அல்லவா? பஸ்ஸிலேயே தம்பியிடம் சொல்லி வைத்தேன். வேண்டுதலைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லு, அளவோடு சொல்லு, மௌனம் அது இது என்று ஆரம்பிக்காதே என்றேன். சரி சரி என்றான். லேப்டாப் மட்டும் பையில் இருந்தது.

கேசரி வந்தது, பெண்ணும் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பின்கட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினோம். வேண்டுதல் நல்லபடியாக நிறைவேறியதா என்று அவர் கேட்டார். வேண்டுதல் இல்லைங்க, படம் எடுக்கத்தான் போனேன் என்று தம்பி உள்ளதைச் சொன்னான். அவர் அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார். மலையைப் படம் எடுத்திருக்கிறீர்களா, பார்க்கலாமா என்று ஆவலோடு கேட்டார். லேப்டாப் வெளியே வந்தது. அவர் மேல்துண்டை இடுப்புக்கு இறக்கி, தரிசனத்துக்குத் தயாராகக் கைகூப்பிக்கொண்டு குனிந்தார்.

'கோபுரம் எங்கங்க?' என்றார், திரையை மேலும் கீழும் தேடிவிட்டு.

தம்பி விளக்கினான். எப்படித் துடைத்தான் என்பதைப் பெருமையாகவே விளக்கினான். அதோடு நின்றிருந்தால் விவரம் போதாத பிள்ளை என்று அவர் மன்னித்திருப்பார். துடைப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆரம்பித்தான். அவருடைய கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்து முழங்காலுக்கு வந்தன. பெண்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. இவளுக்காவது பிடித்திருக்கிறதே என்று நினைத்தேன்.

'இது யாருங்க, பையோட நிக்கறது?'

'எங்க அக்கா.'

'பையில என்ன?'

'எங்களுக்குச் சாப்பாடு.'

அவள் அடுத்த படத்தைப் பார்த்தாள். நான் இல்லை, கல் இருந்தது. தலையைத் திருப்பி, கேசரிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை, சரிபார்க்கிற பார்வை அது. என் கணவர் கேசரி நன்றாக இருக்கிறது என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

'எங்க வூட்ல எந்நேரமும் ஆளு வந்துகினு போய்க்கினு இருக்கும். சத்தமும் இருக்கும்' என்று அவள் தம்பியிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. 'நானும் ஒரு எடத்துல நிக்கறவ இல்லீங்க. உங்க கண்ணுக்கு எது இடைஞ்சலா இருக்கும்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்.'

தம்பி திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள், நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள். உங்களைப் பிடித்திருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றியது. 'அது போட்டோவுக்கு மட்டும்தாங்க' என்றான். அவள் சரி என்று தலையாட்டி, லேப்டாப்பை மெதுவாக மூடி அவன் பக்கம் நகர்த்திவிட்டு, தறியைப் பார்க்க உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா போன் செய்தார். மரியாதையான மனிதர். பொண்ணு இப்போதைக்கு வேண்டாம்னு சொல்றா, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். என் கணவர் போனை வைத்துவிட்டு, திமிர் பிடித்த பெண், நல்லவேளை தப்பித்தோம் என்று தீர்ப்புச் சொல்லி டி.வி.யைப் போட்டார். எனக்கு அவள்மேல் கோபம் வர வேண்டும் என்று நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பொறாமைதான் வந்தது.

மாடிக்குப் போனேன். தம்பி தாடியை மழித்திருந்தான். முகம் சின்னதாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆகியிருந்தது. ஏதாவது குத்தலாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், அன்றும் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் முந்திக்கொண்டான்.

'அக்கா, அவங்க கேட்டாங்களே. நான் என்னா சொல்லியிருக்கணும்?'

கீழே என் கணவர் காபி கேட்டுக் குரல் கொடுத்தார். நான் பதிலைத் தேடிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாராவது என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் அவனுக்கும் சொல்லியிருப்பேன்.

'தெரியலடா' என்றேன்.