திற்பரப்புச் சுவரில் ஓடும் நரி

கோட்டாற்றில் ஒரு கடைக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஓவியர் ஞானசிகாமணி அண்ணன் இறந்துவிட்டார்கள். நெஞ்சுவலியாம். கையில் கயிறு இருந்தது. முடிச்சுப் போட மறந்து நின்றேன்.

அவர்கள் சுவரில் படம் வரைவார்கள். சாரம் கட்டுவதும் பெயிண்ட் கலக்குவதும் நான். எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்பட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வரைந்த தேவதூதருக்கு அவர்கள் மச்சினன் முகம் வந்துவிட்டது என்றேன். “அவனுக்கு அப்பிடியாவது றெக்கை முளைக்கட்டும் மக்கா” என்றார்கள்.

கடைசியாகச் சேர்ந்து செய்த பெரிய வேலை திற்பரப்பில். வெள்ளைக்கார துரைமார் நரிவேட்டைக்குப் போகும் பழைய படம் ஒன்றை, புது விடுதியின் முன்சுவரில் பெரிதாக வரைய வேண்டும். சிவப்புக் கோட்டுத் துரைகள், குதிரைகள், ஒரு கூட்டம் நாய்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒற்றை நரி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

திறப்பு விழாவுக்கு முந்திய நாள் முதலாளி வந்தார். வேட்டை என்றால் ரத்தம் வேண்டாமா, நரியை நாய் கவ்வியிருக்க வேண்டும் என்றார். மாதிரிப் படத்தில் அப்படி இல்லையே என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்கள்.

“சாயங்காலத்துக்குள்ள ரத்தம் தெரியணும். இல்லேன்னா முழுசும் வெள்ளையடிச்சிருவேன்.”

சொன்னபடியே வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு ஓர் ஆள் சுவரடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். செய்த வேலையெல்லாம் பாழாகிவிடுமே என்று எனக்கு வெப்ராளம். கவ்வட்டுமே அண்ணே, படத்து நரிதானே என்றேன்.

“தப்பி ஓடுகதப் பிடிச்சுக் குடுக்கதுக்கா மக்கா நான் பிரஷ் பிடிச்சேன்? நீ செவப்பு கலக்கு.”

கலக்கினேன். அண்ணன் முதலில் பச்சையைத்தான் எடுத்தார்கள். நரிக்கும் நாய்களுக்கும் நடுவில் ஒரு கைதைப் புதர் எழும்பியது. நம் வாய்க்கால் கரையில் நிற்குமே, தாழம்பூ பூக்கும் அதே முள் கைதை. சீமையில் ஏது கைதை என்று கேட்க வாய்வரை வந்தது. அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டேன்.

முதலாளி திரும்பி வந்தார். வாளிக்காரன் எழுந்து நின்றான்.

“ரத்தம் எங்க?”

“முன்னால வாற நாய்க்க மூக்கப் பாருங்க. முள்ளு கிழிச்சிருக்கு.”

முதலாளி அண்ணாந்து பார்த்தார். சாரத்தின் மேலே அண்ணன் அசையவில்லை. பிரஷிலிருந்து சிவப்பு மட்டும் சொட்டியது. கடைசியில் வாளிக்காரனைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போ என்றார்.

நேற்று அடக்கம் முடிந்ததும் நேராகத் திற்பரப்புக்குப் போனேன். துரைமார் இன்னும் விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் குதிரைக்காரனுக்கும் உங்கள் மச்சினன் முகம்தான் அண்ணே, இப்போதுதான் கவனித்தேன். நரி கைதைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாய்க்கு மூக்குக் காயம் ஆறவில்லை. நீங்கள் கவலைப்படாமல் போய் வாருங்கள்.